எழுத்தைக் கூட்டினால் எண்: அரபு அப்ஜத் கணக்குக்கு ஓர் அறிமுகம்

பத்து ரூபாய் நோட்டின் வரிசை எண் 786 என்று முடிந்தால் அதைச் செலவழிக்க மனம் வராமல் பர்ஸின் உள்ளறையில் மடித்து வைத்துக்கொள்பவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் என்றும் இல்லை. ஆட்டோவின் முன்கண்ணாடி, பிரியாணிக் கடைப் பலகையின் மூலை, கல்யாணப் பத்திரிகையின் உச்சி என்று எங்கும் கண்ணில் படும் எண் அது. பிள்ளையார் சுழி போட்டு எழுதத் தொடங்குவதைப் போல, 786 போட்டுக் கடிதம் தொடங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. ஏன் அந்த எண் என்று கேட்டால் "அது பிஸ்மில்லாஹ்" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது.

விடை ஒரு கூட்டல் கணக்குதான். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' (அளவற்ற அருளாளனும் அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால்) என்ற தொடரை அரபியில் எழுதி எண்களைக் கூட்டினால் 786 வரும். போட்டே பார்த்துவிடுவோம்.

'பிஸ்ம்' என்பதில் மூன்று எழுத்து: பா 2, ஸீன் 60, மீம் 40. ஆக 102. 'அல்லாஹ்' என்பதில் அலிஃப் 1, லாம் 30, இன்னொரு லாம் 30, ஹா 5. ஆக 66. 'அர்ரஹ்மான்': அலிஃப் 1, லாம் 30, ரா 200, ஹா 8, மீம் 40, நூன் 50. ஆக 329. 'அர்ரஹீம்': அலிஃப் 1, லாம் 30, ரா 200, ஹா 8, யா 10, மீம் 40. ஆக 289. நான்கையும் கூட்டுங்கள். 786.

ஹா ஓரிடத்தில் 5, இன்னோரிடத்தில் 8 என்று வருகிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அது தமிழில் எழுதுவதால் வரும் தொல்லை. அரபியில் அவை இரண்டு வேறு எழுத்துகள். இரண்டையும் நாம் ஹா என்றுதான் எழுத முடிகிறது. இந்தக் கட்டுரைக்காக 5-ஐச் சின்ன ஹா என்றும், தொண்டையிலிருந்து அழுத்தி வரும் 8-ஐப் பெரிய ஹா என்றும் வைத்துக்கொள்வோம். காஃபிலும் இதே கதை: சின்ன காஃப் 20, பெரிய காஃப் 100.

எழுத்துக்கு எண் என்பது நமக்குப் புதிதல்ல. ஔவையார் சொன்னதாக வழங்கும் 'எட்டேகால் லட்சணமே' என்ற வசை நினைவிருக்கும். பழைய கணக்கில் எட்டின் குறி 'அ', காலின் குறி 'வ'. சேர்த்தால் அவலட்சணமே! கர்நாடக இசையிலும் கடபயாதி என்றொரு முறை உண்டு. மேசகல்யாணி ராகத்தின் பெயரில் 'மே' 5, 'ச' 6. திருப்பிப் போட்டால் 65, அது 65-ஆவது மேளகர்த்தா. ஆனால் கடபயாதியில் எழுத்து ஓர் இலக்கம் மட்டுமே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அரபு முறையில் எழுத்துக்கு முழு மதிப்பு உண்டு, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எந்த எழுத்து முன்னால் வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. சாதாரணமாகத் தெரியும் இந்த வேறுபாடுதான் பின்னால் பெரிய பெரிய விஷயங்களுக்கு வழி விட்டது.

இந்த முறைக்கு அப்ஜத் என்று பெயர். அலிஃப், பா, ஜீம், தால் என்ற முதல் நான்கு எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் வரும் சொல். 1, 2, 3, 4. மீதி எழுத்துகளையும் இப்படியே பொருளில்லாத சொற்களாகக் கட்டி மனப்பாடம் செய்வார்கள்: அப்ஜத், ஹவ்வஸ், ஹுத்தீ, கலமன், ஸஅஃபஸ், கரஷத், ஸகத், ளளக. மந்திரம் போல ஒலித்தாலும் வாய்பாடுதான்.

இன்றைக்கு அரபி படிக்கும் குழந்தை அலிஃப், பா, தா, ஸா என்று வேறு வரிசையில்தான் படிக்கிறது. அது ஒரே வடிவமுள்ள எழுத்துகளைப் பக்கத்தில் வைத்து, புள்ளியை மட்டும் மாற்றிக் கற்றுத்தருவதற்காகப் பின்னால் வந்த ஏற்பாடு. அப்ஜத் வரிசை அதைவிட மிகப் பழையது. ஃபினீசிய, அரமேய எழுத்துகளிலிருந்து வந்தது. எபிரேயத்தின் அலெஃப், பேத், கிமெல், தாலெத்தும், கிரேக்கத்தின் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டாவும் அதே வீட்டுப் பிள்ளைகள். 'கலமன்' என்பதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: க, ல, ம, ன. ஆங்கிலத்தில் கே, எல், எம், என். 'கரஷத்' என்றால் க்யூ, ஆர், எஸ், டி. நாம் எல்கேஜியில் பாடிய வரிசைக்குள் அப்ஜத் ஒளிந்திருப்பதை முதலில் கவனித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

பழைய வரிசையில் 22 எழுத்துதான். அரபியில் இருந்த கூடுதல் ஒலிகளுக்கு ஆறு எழுத்து தேவைப்பட்டது. அவற்றை வாலில் ஒட்டினார்கள். ஆக 28. இதில் ஓர் அழகு இருக்கிறது. ஒன்று முதல் 9 வரை ஒன்பது எழுத்து. 10 முதல் 90 வரை பத்துகளுக்கு ஒன்பது. 100 முதல் 900 வரை நூறுகளுக்கு ஒன்பது. அதோடு 27 தீர்ந்தது. மிச்சமிருந்த கைன் என்ற கடைசி எழுத்து நேராக 1000 ஆனது. சுழியம் இல்லாமலே ஆயிரம் வரை எண்ணிவிடலாம்.

முதலில் இது பிழைப்புக்கான கருவி. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போன எண்குறிகளை அரபு உலகம் கற்றுக்கொண்ட பிறகும், வானியல்காரர்கள் கோள் அட்டவணைகளை எழுத்தெண்களிலேயே எழுதி வந்தார்கள். பழைய அஸ்ட்ரோலேபு வானளவைக் கருவிகளின் விளிம்பில் பாகைகள் எழுத்தாகத்தான் பொறிக்கப்பட்டிருக்கும். இன்றும் அரபுப் புத்தகத்தில் பட்டியல் போட்டால் அலிஃப், பா, ஜீம், தால் என்றுதான் வரும். நாம் அ, ஆ, இ என்று போடுவதைப் போல.

அப்புறம் கவிஞர்கள் புகுந்தார்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் வரியை, அதன் எழுத்தெண்ணைக் கூட்டினால் அந்த நிகழ்ச்சியின் ஹிஜ்ரி ஆண்டு வரும்படி எழுதுவது. பாரசீகத்திலும் உருதுவிலும் இதற்குத் தாரீக் என்று பெயர். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

சென்னைவாசிகள் இதை நேரிலேயே பார்க்கலாம். திருவல்லிக்கேணியின் பெரிய மசூதி எனப்படும் வாலாஜா மசூதி, ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795-இல் கட்டியது. அதன் கல்வெட்டுக்கான பாரசீக வரிகளை இயற்றியவர் நவாபிடம் அலுவல் பார்த்த ராஜா மக்கன்லால் என்ற இந்து. ஆண்டைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட தொடர் 'ஸிக்ருல்லாஹி அக்பர்', அதாவது 'அல்லாஹ்வை நினைப்பதே பெரிது'. குர்ஆனின் 29-ஆம் அத்தியாயத்தில் வரும் சொற்கள். கணக்குப் போடுவோம். 'ஸிக்ர்': தால் என்ற எழுத்து 700 (அப்ஜதின் 4-க்குரிய தால் வேறு, இது வாலில் ஒட்டிய ஆறில் ஒன்று), சின்ன காஃப் 20, ரா 200, ஆக 920. 'அல்லாஹ்' 66. 'அக்பர்': அலிஃப் 1, சின்ன காஃப் 20, பா 2, ரா 200, ஆக 223. மொத்தம் 1209. ஹிஜ்ரி 1209 என்பது 1794 ஜூலையில் தொடங்கி 1795 ஜூலையில் முடிந்த ஆண்டு. வேத வரி ஒன்று, கட்டடத்தின் நோக்கம், கட்டிய ஆண்டு, மூன்றையும் மூன்று சொல்லில் அடக்கிவிட்டார் மனிதர். ஒரு எழுத்துகூட வெளியிலிருந்து சேர்க்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. மொகலாய மன்னர் ஹுமாயூன் 1556 ஜனவரியில் டெல்லியில் தம் நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார். காஸிம் காஹி என்ற கவிஞர் எழுதிய வரி: 'ஹுமாயூன் பாத்ஷா அஸ் பாம் உஃப்தாத்'. ஹுமாயூன் பாத்ஷா மாடியிலிருந்து விழுந்தார், அவ்வளவுதான் பொருள். ஹுமாயூன் 112, பாத்ஷா 313, அஸ் 8, பாம் 43, உஃப்தாத் 486. கூட்டினால் 962. ஆனால் அவர் இறந்தது ஹிஜ்ரி 963-இல்! ஒன்று குறைகிறது. இருந்தாலும் இதுதான் இன்றுவரை புகழ்பெற்ற தாரீக்குகளில் ஒன்று. வரி அவ்வளவு இயல்பாக விழுந்திருப்பதால் அந்த ஒன்றை யாரும் பெரிதுபடுத்தவில்லை போல.

திப்பு சுல்தான் இன்னும் ஒரு படி மேலே போனார். தாம் வகுத்த நாட்காட்டியில் மாதப் பெயர்களையே இந்தக் கணக்கில் வைத்தார். முதல் மாதம் அஹ்மதீ. தொடங்குவது அலிஃப், 1. இரண்டாவது பஹாரீ, பா, 2. மூன்றாவது ஜாஃபரீ; ஜீம், 3. நான்காவது தாராயீ, ஐந்தாவது ஹாஷிமீ. எட்டாம் மாதத்துக்குப் பெரிய ஹாவில் தொடங்கும் ஹைதரீ, அப்பாவின் பெயர். பத்தாம் மாதம் வரை, பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தால் அது எத்தனையாவது மாதம் என்று தெரிந்துவிடும். பின்னால் அவரே மனம் மாறி, அலிஃப், பா, தா என்ற பள்ளிக்கூட வரிசைக்குத் தாவி, மூன்றாம் மாதத்தைத் தகீ என்று மாற்றினார். மைசூர் அலுவலகங்களில் அந்த வருடம் எத்தனை பேர் தேதியைத் தப்பாகப் போட்டார்களோ!

இதுவரை சொன்னது எல்லாம் கணக்கு, சாமர்த்தியம். மறைபொருள் எங்கே நுழைகிறது?

சொல்லும் எண்ணும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக் கூடியவை என்றால், ஒரே கூட்டுத்தொகை வரும் இரண்டு சொற்களுக்குள் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார். இறைவனின் வார்த்தையே எழுத்தால் ஆனது. அப்படியானால் உலகமும் எழுத்தால் ஆனது என்கிறார் இன்னொருவர். இந்த இரண்டு எண்ணங்களிலிருந்து கிளைத்த துறைக்கு இல்முல் ஹுரூஃப், எழுத்துகளின் அறிவு, என்று பெயர். குர்ஆனில் 29 அத்தியாயங்கள் தனி எழுத்துகளோடு தொடங்குகின்றன: அலிஃப் லாம் மீம், யா ஸீன் என்பவை போல. பொருள் இறைவனுக்கே தெரியும் என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலான அறிஞர்களின் வழக்கம். அங்கே வரும் வெவ்வேறு எழுத்துகள் 14. மொத்த எழுத்தில் சரிபாதி. விட்டுவிட மனம் வருமா?

இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாற்றில் இதைப் பற்றி ஒரு கதை உண்டு. மதீனாவின் யூதர்கள் சிலர் அலிஃப் லாம் மீம் என்பதைக் கேட்டதும் கூட்டிப் பார்த்தார்களாம்: 1, 30, 40, ஆக 71. "71 ஆண்டுதான் நீடிக்கும் மார்க்கத்திலா சேர்வது?" என்று பேசிக்கொண்டார்கள். வேறு எழுத்துகள் உண்டா என்று நபியிடம் கேட்டார்கள். அலிஃப் லாம் மீம் ஸாத் உண்டு என்றார், அது 161. இன்னும்? அலிஃப் லாம் ரா, 231. இன்னும்? அலிஃப் லாம் மீம் ரா, 271. எல்லாம் சேர்த்தால் 734. "எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை" என்று எழுந்து போய்விட்டார்களாம். இந்த அறிவிப்பின் நம்பகத்தன்மையைப் பிற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை. நடந்ததோ இல்லையோ, எழுத்தைக் கூட்டி எதிர்காலம் பார்க்கும் ஆசையை இதைவிடச் செல்லமாகக் கேலி செய்த கதை எனக்குத் தெரியவில்லை.

மறைபொருள் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்தது மூன்றுக்கு மூன்று சதுரம். மேல் வரிசையில் 4, 9, 2. நடுவில் 3, 5, 7. கீழே 8, 1, 6. எந்த வரிசையை, நெடுக்கை, மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் 15. ஒன்பது கட்டமும் சேர்ந்தால் 45. இப்போது அரபிப் பெயர்களுக்கு வாருங்கள். ஆதம்: அலிஃப் 1, தால் 4, மீம் 40. ஆக 45. ஹவ்வா, அதாவது ஏவாள்: பெரிய ஹா 8, வாவ் 6, அலிஃப் 1. ஆக 15. முழுச் சதுரம் ஆதம், அதன் ஒரு வரிசை ஹவ்வா. விலா எலும்பிலிருந்து படைத்த கதை தெரிந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிய இது போதும்.

இதே சதுரத்தின் நான்கு மூலைகளில் இருப்பவை 2, 4, 6, 8. எழுத்தாக்கினால் பா, தால், வாவ், பெரிய ஹா: 'புதூஹ்'. அரபியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. ஆனாலும் அது தாயத்துகளில் ஏறியது. தொலைவில் உள்ளவருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று கடிதத்தின் மேல் 8642 என்று எழுதும் வழக்கமும் வந்தது. ஒரு கட்டம் நிரப்பும் கணக்கு மெல்ல மெல்லக் காவல் தெய்வம் போல ஆகிவிட்டது. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் ரசவாத நூல்களும் இந்தச் சதுரத்தை விடவில்லை. இடது கீழ் மூலையின் நான்கு கட்டங்கள் 3, 5, 8, 1, கூட்டினால் 17. மற்ற ஐந்தும் சேர்ந்தால் 28. எல்லாப் பொருளின் கலவையையும் இந்த 17, 28 கொண்டு நிறுக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. 28 என்பது எழுத்துகளின் எண்ணிக்கை, நிலவு தங்கும் வீடுகளின் எண்ணிக்கையும் அதுவே. நான்கு பூதங்களுக்குப் பங்கு வைத்தால் தலைக்கு ஏழு எழுத்து. அலிஃபில் தொடங்கி நான்குக்கு ஒன்றாக எண்ணினால் வரும் ஏழும் நெருப்பெழுத்துகள். காய்ச்சலுக்கு எழுதும் தாயத்தில் எந்த எழுத்தைப் போடுவது, எதைத் தவிர்ப்பது என்பதெல்லாம் இந்தப் பங்கீட்டை வைத்துத்தான்.

இதற்காக உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் வட ஈரானின் அஸ்தராபாத்தில் பிறந்த ஃபஸ்லுல்லாஹ் தொடங்கிய இயக்கத்துக்கே ஹுரூஃபி, எழுத்தர் இயக்கம், என்று பெயர். மனித முகமே இறைவன் எழுதிய பக்கம் என்றார் அவர். பிறக்கும் குழந்தையின் முகத்தில் ஏழு கோடுகள்: தலைமுடி ஒன்று, புருவம் இரண்டு, இமைமயிர் நான்கு. ஏழை நான்கு பூதங்களால் பெருக்கினால் 28, அரபு எழுத்து. பாரசீகம் கூடுதலாகச் சேர்த்த நான்கையும் கூட்டினால் 32. தைமூரின் மகன் மீரான் ஷா 1394-இல் ஃபஸ்லுல்லாஹ்வைக் கொன்றான். அவர் வழி வந்த கவிஞர் நஸீமீயை அலெப்போவில் தோலை உரித்துக் கொன்றார்கள். எழுத்துக் கூட்டியதற்கா இவ்வளவு என்றால், அதற்கு மட்டுமல்ல. மனித முகத்தில் கடவுளைப் படிக்கலாம் என்று சொன்னால், நடுவில் நிற்கும் மதகுருவுக்கும் அரசனுக்கும் அங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

அதே நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் இந்தத் துறையை நிதானமாகப் பார்த்தார். கேள்வியின் எழுத்துகளையே பிரித்துக் கலைத்துப் பதில் வரவழைக்கும் ஸாயிர்ஜா என்ற சக்கரத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அது சாமர்த்தியமான விளையாட்டு, மறைவானதை அறிய அதனால் ஆகாது என்பது அவர் முடிவு.

சரி, இதில் எங்கே இடறுகிறது? சொல்லிலிருந்து எண்ணுக்குப் போகும் பாதை ஒன்றுதான். எண்ணிலிருந்து சொல்லுக்குத் திரும்பும் பாதைகளோ எண்ணற்றவை. கூட்டல் என்றாலே அப்படித்தான். 786-ஐ எழுத வேண்டாம், பிஸ்மில்லாஹ்வையே எழுதுங்கள் என்று சொல்லும் ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், அடிக்கடி ஒரு கணக்கைக் காட்டுவார்கள். 'ஹரே கிருஷ்ணா' என்பதை அரபு எழுத்தில் எழுதுங்கள். சின்ன ஹா 5, ரா 200, யா 10. சின்ன காஃப் 20, ரா 200, ஷீன் 300, நூன் 50, அலிஃப் 1. மொத்தம் 786! அதற்கு எதிர்த்தரப்பின் பதில், இறைவன் பெயர் உள்ள தாள் காலடியில் மிதிபடாமல் இருக்கத்தான் எண் போடுகிறோம் என்பது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் இந்த விவாதம் ஓயப் போவதில்லை.

சொல்லிலிருந்து எண்ணுக்குப் போகும் பாதைகூட நாம் நினைப்பது போல அவ்வளவு நேரானதல்ல. ஒலிப்பது கணக்கில்லை, எழுதியதுதான் கணக்கு என்பது அடிப்படை விதி. 'முஹம்மத்' என்பதில் நடு மீம் இரட்டித்து ஒலித்தாலும் எழுதுவது ஒரு மீம்; அதனால் 92. 'ரஹ்மான்' என்பதில் நெடில் ஒலித்தாலும் வழக்கமான எழுத்தில் அலிஃப் கிடையாது. அதைப் போட்டு எழுதினால் பிஸ்மில்லாஹ் 787 ஆகிவிடும். இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. மொராக்கோ உள்ளிட்ட மேற்குப் பகுதியின் அப்ஜத் மரபில் சில எழுத்துகளின் மதிப்பே வேறு. அங்கே ஸீன் 60 அல்ல, 300. எனவே அந்த மரபில் பிஸ்மில்லாஹ்வின் எண் 1026. நம் பர்ஸில் இருக்கும் நோட்டு அங்கே வெறும் பத்து ரூபாய்தான்.

இருந்தாலும் இந்த எண்கள் மனிதர்களிடம் நன்றாகவே வேலை செய்திருக்கின்றன. ஷியாக்களுக்கு 110 என்றால் அலீ: ஐன் 70, லாம் 30, யா 10. டெல்லியின் தாமரைக் கோயிலுக்கு ஏன் ஒன்பது பக்கம் என்றால், அது பஹாய் சமயத்தாரின் கட்டடம். 'பஹா' என்ற சொல்லின் எண் 9.

நீங்களும் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படுவீர்கள் என்று தெரியும். தமிழ்ப் பெயரை எடுத்தால் முதல் அடியிலேயே சிக்கல்: முருகனின் 'க'வுக்குச் சின்ன காஃப் போட்டால் 20, கைன் போட்டால் 1000. எனவே நான் 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டேன். உருதுவில் அதைத் தா, மீம், லாம் என்று மூன்று எழுத்தில் எழுதுகிறார்கள்: 400, 40, 30, ஆக 470. அரபியில் 'தாமீல்' என்று எழுதுவார்கள். நடுவில் ஓர் அலிஃபும் ஒரு யாவும் கூடுதல், ஆக 481. இரண்டுக்கும் வித்தியாசம் 11. சின்ன ஹா 5, வாவ் 6, சேர்த்தால் அதே 11. அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்த சொல் 'ஹூ'. அவன், அதாவது இறைவன். சூஃபிகள் மூச்சோடு மூச்சாகச் சொல்லும் சொல். தற்செயல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கணக்குப் போட்ட தாளை இன்னும் கிழித்துப் போடவில்லை.